அசையாததற்குச் செலவில்லை

பாஷையூரில் நெல்சனின் செத்தவீட்டுக்கு
லைவ் போடப் போனவள் நான்.
ஒரு கமரா, ஒரு முக்காலி, இரண்டு சிம்,
பக்கத்து வீட்டு மதிலுக்கு மேலால் இழுத்த நீல வயர்.

வயரின் அந்தப் பக்கம் ஒரு பெடியன்
டொரன்ட்டில் ஏதோ விளையாட்டு இறக்கிக்கொண்டிருந்தான்.
அறுபது ஜிபி. தொண்ணூற்றொரு வீதம் முடிந்திருந்தது.
"தம்பி, பெட்டி எடுக்கும் மட்டும் நிப்பாட்டி வைக்கேலுமோ?"
மதிலுக்கு மேலால் எட்டிப் பந்தலைப் பார்த்தான்,
ஒன்றும் சொல்லவில்லை.
என் திரையில் ஒன்றரை மெகாபிட்
மெல்ல ஆறாகியது.

இந்தத் தொழிலில் படித்தது இது:
அசையாததை ஒருதரம் அனுப்பினால் போதும்.
சுவர், பெட்டி, பெட்டிக்குள் கோத்த கைகள்,
கைகளில் செபமாலை.
பிறகெல்லாம் "முந்தினதைப் போலவே" என்று
சின்னதாய் ஒரு குறிப்பு போகும்,
அங்கே அதை வைத்துச் சமாளித்துக்கொள்ளும்.
செத்தவருக்குச் செலவே இல்லை.
செலவெல்லாம் இருப்பவர்களால்.
கொன்சி தலையில் அடித்துக்கொள்ளும்போது
கிராஃப் எகிறும்.
ஆறு மெழுகுதிரியும் ஒரு ஃபானும் சேர்ந்தால்
ஓர் ஆளின் அழுகையளவு தின்னும்.

பூ எறிந்தால் இன்னும் மோசம்.
இதழுக்கு இதழ் வேறு பக்கம் சுழல
கணக்குப் பிழைத்துப் படம் நொறுங்கும்.
"எறியாதேங்கோ, கால்மாட்டிலை வையுங்கோ" என்றேன்.
ஏதோ ஒழுங்குமுறை என்று நினைத்து
எல்லாரும் பவ்வியமாய் வைத்தார்கள்.

பார்த்துக்கொண்டிருந்தது நாற்பத்தொரு பேர்.
எழுதியது ஒருவன்தான்,
பேர்கனில் இருந்து, தம்பி ரெஜினோல்ட்.
"அண்ணாவின்ரை முகத்துக்குக் கிட்டப் போங்கோ."
போனேன்.

பெட்டி தெருவுக்கு இறங்க வயர் முடிந்தது.
இரண்டு சிம்முக்கும் ஒரே கோபுரம்.
பள்ளிக்கூடம் விட்ட நேரம்,
கோபுரத்தைச் சுற்றி எல்லாக் கையிலும்
ஏதோவொன்று ஆடிக்கொண்டிருந்தது.
ஆறு, மூன்று, ஒன்று, அரை.
படத்தின் அளவைக் குறைத்தேன்.
செக்கனுக்கு முப்பது படத்தைப் பதினைந்தாக்கினேன்.
சத்தத்தில் மட்டும் கைவைக்கவில்லை.
படம் விக்கினால் பொறுப்பார்கள்,
ஒப்பாரி விக்கினால் அர்த்தம் மாறிவிடும்.

கரையோர வீதியில் திரும்பும்போது
வேணுமென்றே கமராவை வீடுகளின் பக்கம் பிடித்தேன்.
கடல் எங்களுக்குச் சரிவராது.
ஓர் அலை முந்தினதைப் போல இராது,
மினுக்கம் ஒவ்வொன்றும் புதுசு,
எவ்வளவு கொடுத்தாலும் அதுக்குக் காணாது.
நெல்சனுக்கும் தெரிந்திருக்கும்,
அட்டைக்கு மூழ்கப் போனவன்.

அப்போது பார்த்து அவன் எழுதினான்:
"கடலைக் காட்டுங்கோ அக்கா."

படம் உடையும் தம்பி.

"உடையட்டும்."

திருப்பினேன்.
சாம்பல் கட்டம், பச்சைக் கட்டம்,
சாயம் போன சாரமொன்றைக் காற்றில் பிடித்ததுபோல.
கடலென்று நான் சொன்னால்தான் உண்டு.
நாற்பத்தொன்று முப்பத்திரண்டாகியது.
அவன் போகவில்லை.

சேமக்காலையில் மண் போட்டு முடிந்தது.
படம் அறாமல் இருக்கவென்று நானே கூட்டிவைத்த இடைவெளியில்
எங்களுக்கு நாற்பது செக்கன் பின்னால் நின்றான் அவன்.
இங்கே ஆட்கள் கைகழுவினார்கள்,
அங்கே ஃபாதர் இன்னும் தீர்த்தம் தெளிக்கவில்லை.
நிற்பாட்டும் பொத்தானில் விரலை வைத்து எண்ணினேன்.
நாற்பதில் அமத்தவில்லை.
குவித்த மண், சிலுவை, வாடின மாலை
எதுவும் அசையவில்லை.
கிராஃப் தரையோடு கிடந்தது.
மூன்று நிமிடம் அப்படியே விட்டேன்.

வயரைச் சுருட்டப் போனபோது
மதிலுக்கு மேலால் பெடியனின் தலை.
"தொண்ணூற்றொண்டிலைதான் நிக்குது.
இனித் தொடங்கட்டோ அக்கா?"